பழைய அம்பாசடருக்கு எந்த எண்ணெய், எவ்வளவு பிரஷர்?

என்னுடைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரின் டாஷ்போர்டுக்குக் கீழே, மெல்லிய குழாய் வழியாக இன்ஜினோடு நேரடியாக இணைந்த ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். காலையில் தண்டையார்பேட்டையில் வண்டியைக் கிளப்பியதும் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டைத் தொடும் அதன் முள், உச்சி வெயிலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நிற்கும்போது 15க்கு இறங்கிவிடுகிறது. பக்கத்து இருக்கையில் இருந்து இதைப் பார்க்கும் நண்பர்கள் பதறுகிறார்கள். "இன்னும் கெட்டி ஆயிலா ஊத்துங்க சார், முள்ளு தானா ஏறும்" என்று மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். ஏறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் முள்ளை ஏற்றுவதற்காகவே எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது பழைய இன்ஜினுக்குச் செய்யும் கெடுதல் என்பது என் கருத்து.

காரணம், பிரஷரை பம்ப் தனியாக உண்டாக்குவதில்லை. வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் சுழற்றும் அந்தச் சிறிய பம்ப், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்ற அளவில் எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளப்பட்ட எண்ணெய் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே உள்ள, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே ஆன இடுக்குகள் வழியாக வெளியேற வேண்டியிருப்பதால் ஏற்படும் தடைதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. தெருமுனை அடிபம்பின் வாயைத் துணியால் பாதி அடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள், கைப்பிடி கனக்கும். ஆனால் குடத்தில் விழும் தண்ணீர் அதிகமாகாது. ஆகவே முள் இறங்கினால், எண்ணெய் இளகியிருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்து இடுக்கு அகன்றிருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கேஜ் சொல்லாது. கெட்டியான எண்ணெயை ஊற்றினால் தேய்மானம் அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் மட்டும் மறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுழலும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிப்பது பம்ப் தரும் 40, 50 பவுண்டு அன்று. ஷாஃப்ட் தன் சுழற்சியாலேயே எண்ணெயை ஆப்பு வடிவில் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு ஒரு மென்படலத்தை உருவாக்குகிறது. அந்தப் படலத்துக்குள் எழும் அழுத்தம் கேஜ் காட்டுவதைப் போலப் பல மடங்கு. அந்தப் படலத்துக்கு இடைவிடாமல் எண்ணெய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே பம்பிடம் நாம் எதிர்பார்ப்பது. வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் இன்ஜின்மீது பாரம் குறைவு என்பதால், அங்கே 15 பவுண்டு தாராளமாகப் போதும்.

அதிகமான பிரஷர் நல்லது என்ற எண்ணத்தை ரிலீஃப் வால்வு பொய்யாக்குகிறது. குறிப்பிட்ட பிரஷருக்கு மேல் போனால் ஸ்பிரிங் அழுந்தி, வால்வு திறந்து, உபரி எண்ணெய் நேராக இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்கே திரும்பிவிடும். தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெயோடு குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது முள் கம்பீரமாக மேலே நிற்கும். ஆனால் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்கும் போகவேண்டிய எண்ணெயில் ஒரு பகுதி அங்கே போகாமலே திரும்பிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்து முள்ளை ஏற்றித் தரும் கைவேலையும் இங்கே உண்டு. வண்டி விற்கப் போகிறவருக்கு அது உதவலாம்.

எண்ணெயின் கிரேடுக்கு வருவோம். 20டபிள்யூ-50 என்பதில் உள்ள 50 என்ற எண், 100 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பிசுபிசுப்பு 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) இருப்பதைக் குறிக்கிறது; 40 என்றால் 12.5 முதல் 16.3, 30 என்றால் 9.3 முதல் 12.5. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கான சோதனைகள் உறைநிலைக்கும் கீழே நடப்பவை என்பதால், மார்கழி விடியலில்கூடப் போர்வை தேவைப்படாத ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் 20டபிள்யூ போதுமானது. நம் வெயிலும் நெரிசலும் இரண்டாவது எண்ணைத்தான் சோதிக்கின்றன. எனவே மூன்று மெயின் பேரிங்குகள் கொண்ட இந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை இன்ஜினுக்கு, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் 20டபிள்யூ-50 மினரல் எண்ணெயே என் தேர்வு. புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 இதற்கு ஆகாது. 60ஆம் கிரேடுக்கு ஏறவும் தேவையில்லை.

விலை கூடிய சிந்தெடிக் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: கெடுதல் இல்லை, ஆனால் இளகிய கிரேடாக இருந்தால் ஒழுகும். இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம் மட்டுமே உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே மசகு எண்ணெய்களுக்கான அடிப்படை எண்ணெய் தயாராகிறது. டப்பாவுக்குள் இருக்கும் மினரல் எண்ணெயை ஏழையின் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை.

கிரேடைவிடக் குறைவாகப் பேசப்படுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்க்கை. வால்வைத் தள்ளும் உருளை இல்லாத டேப்பட், கேம் ஷாஃப்டின் மேடான கேமின்மீது நேரடியாக உரசும் பழைய இன்ஜின்களுக்கு அது உயிர்நாடி. அந்தப் பாஸ்பரஸ் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரம் முதல், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இளகிய கிரேடுகளில் அதை 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அளவுக்குள் அடக்கிவிட்டார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது என்பது இந்தக் கிரேடுக்குச் சாதகமான இன்னொரு காரணம்; என்றாலும் டப்பாவின் பின்பக்கத்தையோ தயாரிப்பாளரின் தகவல் தாளையோ படித்த பிறகே வாங்குங்கள்.

சூடான இன்ஜின் சாலையில் ஓடும்போது 40 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்ற பொதுவான கணக்குக்கும் அது ஒத்துவருகிறது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கை நம்பியிருப்பது போதாது, ஏனெனில் அது பெரும்பாலும் 5 முதல் 7 பவுண்டுக்குக் கீழே இறங்கிய பிறகே எரியும். பிரஷர் நாளடைவில் குறைவதாகத் தோன்றினால் இன்ஜினைப் பிரிக்கும் முன், டிப் ஸ்டிக்கில் அளவைப் பார்த்து, வேறொரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி ஒப்பிட்டு, ரிலீஃப் வால்வில் தூசு சிக்கியிருக்கிறதா, சம்ப்பில் உள்ள வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெயை முகர்ந்தும் பாருங்கள். இன்ஜினில் உள்ள பெட்ரோல் பம்பின் மென்திரையான டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி எண்ணெயை இளக்கிவிடும். அப்போது எந்த உயர்ந்த எண்ணெயும் சில நாட்களில் தண்ணீராகும். வண்ணாரப்பேட்டைக்கும் மின்ட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில், இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் ஈரமும் எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. அத்தகைய வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கைப் பாராமல் ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, ஃபில்டரையும் சேர்த்து எண்ணெயை மாற்றிவிடுவதே என் வழக்கம்.