வாயிலில் பதியும் பெயர்கள்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் வளாகங்களில் வருபவரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்த்து, புகைப்படம் எடுத்து, மடிக்கணினியின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, சில இடங்களில் கேமராவின் மேல் ஸ்டிக்கரையும் ஒட்டியே உள்ளே விடுகிறார்கள். வாடிக்கையாளரின் தகவல் வெளியே போய்விடக் கூடாதே என்பதுதான் அங்கே கவலை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளில் கவலை வேறு. பாதுகாப்புக் காணொளியைக் காட்டி, காலணியும் ஒளிரும் மேலங்கியும் கொடுத்த பிறகே கேட் பாஸ் கிடைக்கும். தீ எச்சரிக்கை மணி அடித்தால், கூடுமிடத்தில் நிற்பவர்களை வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே யாரேனும் சிக்கியிருக்கிறார்களா என்று அறிய முடியும் என்பதால், வெளியேறிய நேரத்தைப் பதியாமல் போன ஒருவர், இல்லாத ஆளைத் தேடித் தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் நுழையக் காரணமாகிவிடக்கூடும். என் பார்வையில் வருகைப் பதிவு முறையின் தலையாய பயன் இதுவே. நாமோ நுழைவைக் கெடுபிடியாகவும் வெளியேற்றத்தை ஏனோதானோவென்றும் பதிகிறோம்.

மருந்து, உணவுத் தொழிற்சாலைகளில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண் உண்டா என்று எழுதி வாங்குவார்கள். மருத்துவமனைகளில் பெரும்பாலும், நோயாளியின் துணைக்கு இருப்பவருக்குத் தரும் அட்டெண்டர் பாஸோடு சரி.

உறுத்துவது, மேசையில் திறந்து கிடக்கும் காகிதப் பதிவேடுதான். முன்னால் வந்தவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் பின்னால் வருபவர் கண்ணில் அப்படியே படுகின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மின்னணு வடிவில் உள்ளதையும் பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்படுவதையும் மட்டுமே கட்டுப்படுத்துவதால், நோட்டோடு நின்றுவிடும் எண்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை.