பத்து மீட்டரில் ஒரு பொட்டு

கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதெல்லாம் சிங்கப்பூரில் நடக்காது. தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) பழகிய நண்பர்கள் கூடினால் எங்களுக்குச் சுவா சூ காங் பக்கம் இருக்கும் சுடுதளம்தான். ஒருவன் அங்கே கிளப் உறுப்பினன்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலை (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். குண்டு 4.5 மில்லிமீட்டர், பத்துப் புள்ளி வட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். பார்வை துப்பாக்கி முனையில் உள்ள முன்குறியில் நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். ராணுவத்தில் தூக்கிய சார் 21 துப்பாக்கியின் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குப் பழகிய கண்ணுக்கு இது புதுப் பாடம். விசையைச் சட்டென்று இழுக்காமல் மெல்ல அழுத்திக்கொண்டே போனால், எதிர்பாராத நொடியில் 'டப்'. நடுவில் துளை!

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் நம்ம ஊர் தியோ ஷுன் ஷியே தங்கம் வென்றது இதே பிரிவில்தான். அந்தக் கை எவ்வளவு உறுதியாக நின்றிருக்கும்! அப்புறம் தேக்காவில் பிரியாணி. அடுத்து 25 மீட்டர் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.