சுடாத மணல்

அமெரிக்காவில், அரிசோனாவின் மான்யுமென்ட் வேலியில் காரை விட்டு இறங்கியதும் என் மூத்தவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, இது மார்ஸ் மாதிரியே இருக்கு!" சின்னவள் உடனே ராக்கெட் எங்கே என்று தேட ஆரம்பித்தாள். அவங்க அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அந்தச் சிவப்பு, காற்று வரி வரியாகக் கோடு போட்டு வைத்த அந்த மண், நான் பிறந்து வளர்ந்த ஊரின் நிறம். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி, குதிரைமொழிப் பக்கம் தேரிக்காடு என்னும் செம்மணல் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். என் பிள்ளைக்கு அது வேற்றுக் கிரகம்.

அவன் மேல் குற்றமில்லை. நாங்கள் ஊருக்குப் போவது இங்கே பள்ளி விடுமுறை விடுகிற ஜூன், ஜூலையில்தான். ஆடிக்காற்று தேரி மணலை அள்ளி ரோட்டில் கொட்டுகிற நேரம். அப்போது பிள்ளைகளைத் தேரிக்குள் விட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அரிசோனா, யூட்டா எல்லையில் நிற்கும் அந்தப் பாறைகளும் எங்கள் ஊர் மணலும் சிவந்திருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். இரும்புத் துரு. அதை அவனுக்கு அங்கேயே குனிந்து, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துக் காட்டிச் சொன்னேன். "அப்போ ஆச்சி வீடும் மார்ஸ்லயா?" என்று கேட்டான்.

மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் பயணம் இது. ஃபீனிக்ஸை ஒட்டி நாங்கள் இருக்கும் சாண்ட்லரிலிருந்து வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப், அங்கிருந்து நவஹோ பழங்குடி மக்களின் தன்னாட்சி நிலமான நவஹோ நாடு, பிறகு நியூ மெக்சிகோவில் இறங்கி வெள்ளை மணல்காடு, ஐ-10 நெடுஞ்சாலை வழியாகத் திரும்ப வீடு. என் வீட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் கரையில் வளர்ந்தவர். மணிக்கணக்காக ஒரு மரம்கூடக் கண்ணில் படாத சாலையில் வண்டி ஓட்டுவது அவருக்குப் பெரும் பாடு. "தண்ணி கேன் எத்தனை எடுத்து வச்சே?" என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே வந்தார். பின் சீட்டில் புளியோதரை, தயிர் சாதம், பொடி தடவிய இட்லி. ரைஸ் குக்கர் தனியாக. வழியில் ஒரு டீக்கடை கிடையாது, "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. எனக்கு இந்த நாட்டுச் சாலைகளில் தீராத குறை அது ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது கடிகாரம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைக்கால நேரத்துக்கு அரிசோனா மாறுவதில்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நாடு மாறும். அந்த நவஹோ நிலம் சூழ்ந்த, ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் ஊர்கள் மாறாது. நவஹோவின் டூபா சிட்டியும் ஹோப்பியின் மோயன்கோப்பியும் அடுத்தடுத்த ஊர்கள்தான், இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம். "இந்தப் பக்கம் சாப்பிட்டாச்சு, அந்தப் பக்கம் இன்னும் பசிக்கவே இல்ல" என்று இருவரும் கூத்தடித்தார்கள்.

மான்யுமென்ட் வேலியில் ஒரு நவஹோ அம்மா சுடச்சுடப் பொரித்துக் கொடுத்த ரொட்டியைச் சின்னவள் பூரி என்றே சொல்லி வாங்கித் தின்றாள். அந்த ரொட்டி வந்த கதை இனிப்பானது இல்லை. 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை ஆயிரக்கணக்கில், குழந்தை குட்டிகளோடு, நியூ மெக்சிகோவின் கிழக்கே இருந்த முகாமுக்கு நடத்தியே கொண்டுபோனது. வழியில் செத்தவர்கள் ஏராளம். முகாமில் ரேஷனாகக் கொடுத்த கோதுமை மாவிலும் கொழுப்பிலும் பிறந்த உணவு இது என்று நவஹோ மக்கள் சொல்கிறார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்டு, தங்கள் சொந்த நிலத்துக்கே திரும்ப நடந்து வந்தார்கள். வேறு இடம் வேண்டாம், எங்கள் மண்தான் வேண்டும் என்று நின்று வாங்கியவர்கள். அந்த மண்ணைத்தான் நாம் கார் கண்ணாடி வழியே போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். காசு கொடுக்கும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு அரிசோனா பழகிவிட்டது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் அடித்தபோதும் இந்த ஊரை விட்டுப் போகலாம் என்று தோன்றவில்லை. வெயில் எனக்குப் புதிதா என்ன? ஜூலையில் மழை வருவதற்கு முன்னால் கிரியோசோட் புதர்களிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். இப்போது அந்த வாசம் வந்தாலே துணியை எடுக்கக் கொல்லைப்புறம் ஓடுகிறேன். ஓடுகிற கால்தான் இங்கே இருக்கிறது. மனசு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனைப் பக்கம் போய்விடுகிறது. சுற்றிலும் காய்ந்த தேரி, நடுவே வற்றாத தண்ணீர். அப்பா அதில் முகம் கழுவிவிடுவார்.

சரி, வெள்ளை மணலுக்கு வருகிறேன். பயணத்தில் மற்றதெல்லாம் எனக்கு மங்கிப்போகலாம், இது போகாது.

லாஸ் க்ரூஸஸிலிருந்து அலமகார்டோ போகும் சாலையில் இருக்கிறது ஒயிட் சேண்ட்ஸ். 2019இல்தான் தேசியப் பூங்கா ஆனது. பக்கத்திலேயே ராணுவ ஏவுகணைத் தளம். சோதனை நடக்கும் நாட்களில் சாலையையே அடைத்துவிடுவார்கள். நாங்கள் போன அன்று அடைக்கவில்லை. சுமார் 700 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை வெளேரென்று மணல்மேடு. அது சாதாரண மணல் இல்லை, ஜிப்சம். சுற்றியுள்ள மலைகளிலிருந்து மழைநீரில் கரைந்து வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கடலுக்குப் போக ஆறு கிடையாது. ஆகவே தண்ணீர் வற்றி ஜிப்சம் படிகமாகிறது, காற்று அதை உடைத்து மணலாக்கிக் குவிக்கிறது.

செருப்பைக் கழற்ற எனக்குத் தயக்கம். உச்சி வெயில். தேரியில் அந்த நேரத்தில் வெறுங்காலை வைத்தால் தோல் உரிந்துவிடும். ஒரு பனை நிழலிலிருந்து அடுத்த பனை நிழலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பிள்ளைகள் இருவரும் நான் தடுப்பதற்குள் இறங்கிவிட்டார்கள். நானும் காலை வைத்தேன். சில்லென்று இருந்தது! ஜிப்சம் மணல் மற்ற மணலைப் போல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. எனக்கு நம்ப முடியவில்லை, குனிந்து கையாலும் தொட்டுப் பார்த்தேன்.

அங்கே பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். அடியில் மெழுகு தேய்த்து, மேட்டு உச்சியில் உட்கார்ந்தால் சர்ரென்று கீழே வரலாம். நாங்கள் தேரியில் பனை மட்டையில் உட்கார்ந்து சறுக்கினோம். பின்னாலிருந்து தள்ளிவிட அண்ணன் இருப்பான். இங்கே தங்கச்சியைத் தள்ளிவிட்டான் என் மகன், நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே. அவள் கத்திய கத்தல் அப்படியே எங்கள் வீட்டுக் கத்தல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் நானும் சறுக்கினேன், தஞ்சாவூர்க்காரரும் சறுக்கினார்.

அந்த மணல்காட்டை ஒட்டிய பழைய ஏரிப் படுகையில் மனிதக் காலடித் தடங்கள் பதிந்து கிடக்கின்றன. சில தடங்கள் 21,000 ஆண்டுக்கும் முந்தியவை என்று 2021இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வேறொரு தடம்தான் என்னை விடவில்லை. 10,000 ஆண்டுக்கும் பழையது அது. ஒரு பெண்ணோ இளவட்டமோ, இடுப்பில் குழந்தையோடு சேற்றில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நடந்திருக்கிறார். ஆங்காங்கே குழந்தையை இறக்கிவிட்ட இடத்தில் குட்டிக் காலடி. திரும்பி வரும் தடத்தில் குழந்தை இல்லை. யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆச்சியிடம் என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன். சின்னவள் கால் வலிக்கிறது என்று அடம்பிடித்ததால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க இறக்கிவிட்டேன். அந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோள் வலித்திருக்கும்.

பூங்காவிலிருந்து மணல் எடுத்துப்போகக் கூடாது. பையன் பாக்கெட் முழுக்க நிரப்பி வைத்திருந்ததைக் கொட்டச் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் அவனுக்குக் கற்குவேல் அய்யனார் கோயிலைப் பற்றிச் சொன்னேன். கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழா. தேரி மணலில் இளநீரை வெட்டுவார்கள், தண்ணீர் பட்ட அந்தச் சிவப்பு மண்ணை ஊரே அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகும். "எவ்ளோ வேணா எடுக்கலாமா?" என்றான். எவ்வளவு வேண்டுமானாலும் என்றேன்.

அன்று ராத்திரி மோட்டலிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு, இந்த டிசம்பரில் பள்ளியில் லீவு சொல்லிவிட்டாவது கள்ளர்வெட்டுக்குப் பிள்ளைகளோடு வருகிறோம் என்றேன். பக்கத்தில் அவர் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னது: "வாட்டி, நல்லா வா. பிள்ளையளுக்குச் செருப்பு மட்டும் மறக்காம எடுத்துட்டு வா. நம்ம மணலு சுடும்."