ஓப்பன்வர்ட்டும் 90 விநாடிக் கெடுவும்: மலைச்சரிவில் ரவுட்டர் அமைத்துப் பார்த்த அனுபவம்

மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டு 4ஜி இணைப்பை, சரிவுக்குக் கீழே இருக்கும் அக்கா வீட்டுக்குக் கம்பியில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தேவையை விளக்க வேண்டியதில்லை: ரோட்டோரத்தில் நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும், நாற்பது படி கீழே இறங்கினால் கோபுரம் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். கருங்கல் சுவரும் தகரக் கூரையும் வேலையைக் கெடுக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவை பெரிதாகத் தொல்லை தரவில்லை. என் மாலைப் பொழுதுகளைத் தின்றது ரவுட்டரின் வலைப்பக்கத்தில் ஓர் ஐபி முகவரியை மாற்றும் வேலைதான். ஆகவே அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

கீழ் வீட்டுக்கு வாங்கியது பழைய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, இரண்டாம் பதிப்பு. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருப்பதால் ஓப்பன்வர்ட் (ரவுட்டரோடு வரும் மென்பொருளுக்குப் பதிலாக நாமே ஏற்றும் திறந்த மென்பொருள்) தாராளமாக இடங்கொள்கிறது. மென்பொருளை ஏற்றிய விதத்தை எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. இடையில் மின்சாரம் போய் ரவுட்டர் செத்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரியைக் கொடுத்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக மீட்கும் ஏற்பாடு இந்த மாதிரியில் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்து மின்சாரத்தை நம்பி ஃபிளாஷ் செய்வதற்கு அந்த ஒரு துணிவு போதும்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஓப்பன்வர்ட் தனக்கென எடுத்துக்கொள்ளும் முகவரி 192.168.1.1. மேல் வீட்டில் இணைப்பு நிறுவனம் கொடுத்த 4ஜி ரவுட்டரும் அதே 192.168.1.1 தான். ஒரே வலைப்பின்னல் எண் இருபுறமும் இருந்தால், ஒரு தரவுப் பொதி வீட்டுக்குள் போக வேண்டுமா வெளியே போக வேண்டுமா என்று கீழ் ரவுட்டரால் முடிவு செய்ய முடியாது. மேல் ரவுட்டரின் முகவரியை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தரும் கணக்கில் அந்தப் பக்கமே மறைக்கப்பட்டிருக்கிறது; வைஃபையின் பெயர், கடவுச்சொல், சேனல் ஆகியவற்றை மாத்திரம் தொட விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எனக்கே அனுமதி இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஆகவே கீழ் ரவுட்டரை 192.168.50.1 ஆக்குவது, அதுவும் மேல் வைஃபையில் இணைப்பதற்கு முன்பே ஆக்குவது, தவிர்க்க முடியாததாயிற்று.

லூசி எனப்படும் ஓப்பன்வர்ட்டின் வலைப்பக்கத்தில் லேன் எனும் உள்வீட்டு வலைப்பின்னலின் இடைமுகத்தைத் திறந்து, முகவரியை மாற்றி, 'சேவ் அண்ட் அப்ளை'யை அழுத்தினால் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும்; கொஞ்ச நேரத்தில் அமைப்பு பழையபடி மாற்றப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வரும்; முகவரி மறுபடியும் 192.168.1.1 ஆகியிருக்கும். இதற்குக் காரணம் 18.06 பதிப்பில் வந்த ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. மாற்றத்தைச் செயற்படுத்திய பிறகு ரவுட்டர், உலாவி மீண்டும் தன்னைத் தொடர்புகொண்டு உறுதிசெய்யும் என்று 90 விநாடி காத்திருக்கிறது. உறுதி வராவிட்டால், பயனாளர் வெளியே பூட்டப்பட்டுவிட்டார் என்று கருதி எல்லாவற்றையும் பின்வாங்கிக்கொள்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் நாம் மாற்றுவதே முகவரி என்னும்போது, பழைய முகவரியில் திறந்திருக்கும் உலாவி எப்படி உறுதிசெய்யும்? புதிய முகவரிக்கு நாமே போய் உள்நுழைய வேண்டும் என்று எச்சரிக்கைப் பெட்டியில் ஒரு வாக்கியம் இருக்கிறது; பச்சைப் பொத்தானைத் தேடும் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்!

அதைப் படித்துவிட்டுப் புதிய முகவரியை உலாவியில் தட்டினாலும் பக்கம் திறக்காது என்பதுதான் இதில் நுட்பமான இடம். மடிக்கணினியை வலைக்கம்பியில் இணைத்திருந்தேன். ரவுட்டர் தன் முகவரியை மாற்றிக்கொண்டபோதும் கம்பியின் இணைப்பு ஒரு கணமும் அறுபடவில்லை. ஆகையால் புதிய முகவரி கேட்க வேண்டும் என்ற எண்ணமே விண்டோஸுக்கு வராமல், 192.168.1 வரிசையில் பெற்ற பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தது. ஓப்பன்வர்ட் வழக்கமாக முகவரியை 12 மணிநேரக் குத்தகைக்குக் கொடுக்கிறது என்பதால் அது தானாக விடப்போவதும் இல்லை. கம்பியைக் கழற்றி மாட்டினால் புதிய முகவரி வரும். ஆனால் அது வந்து, உலாவியில் 'எச்டிடிபி' என்ற முன்னொட்டோடு முகவரியைத் தட்டி (அதை விட்டுவிட்டால் சில உலாவிகள் பாதுகாப்பான இணைப்பைத் தேடி நேரத்தைப் போக்கும்), கடவுச்சொல்லையும் கொடுப்பதற்குள் 90 விநாடி மிகவும் சுருங்கிவிடுகிறது.

'சேவ் அண்ட் அப்ளை' பொத்தானின் பக்கத்திலிருக்கும் சிறு அம்பை அழுத்தி 'அப்ளை அன்செக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கெடுவே இல்லை என்பது எனக்கும் தெரியும். பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய எனக்கு மனமில்லை; ஓர் எண் பிசகினாலும் ஃபெயில்சேஃப் என்ற அவசரகால முறைக்குப் போய் மீட்க வேண்டிவரும். நான் கண்ட வழி இதைவிட நேர்த்தியானது என்று கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்கிறேன். விண்டோஸில் வலைக்கம்பி அட்டையின் ஐபிவி4 அமைப்பில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குள் போனால் ஒரே அட்டைக்கு இரண்டு நிலையான முகவரிகளைக் கொடுக்கலாம். முன்கூட்டியே 192.168.1.20, 192.168.50.20 இரண்டையும் கொடுத்து வைத்தேன். இரு பக்கங்களையும் இரு தத்தல்களில் (டேப்) தயாராக வைத்துக்கொண்டு மாற்றத்தைச் செயற்படுத்தியதும், பழைய தத்தல் சுழன்றுகொண்டிருக்கும்போதே புதிய தத்தலில் உள்நுழைவுப் பக்கம் வந்துவிட்டது. உள்நுழைந்ததும் ரவுட்டர் மாற்றத்தை உறுதிசெய்துகொண்டது. கம்பியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. வயர்லஸ் பகுதியில் ஸ்கேன் செய்து, மேல் வீட்டு வைஃபையில் சேர்ந்து, உருவாகும் இடைமுகத்தை ஃபயர்வாலில் வெளி இணைப்புக்கான வேன் வலயத்தில் போட்டாயிற்று. நாட்டுக் குறியீடாக எல்கே, நேரவலயமாக ஏசியா/கொழும்பு. இரண்டு வீட்டையும் ஒரே வலைப்பின்னலாக்க முடியாதா என்று மருமகன் கேட்டான். சாதாரண வைஃபை இணைப்பில் ஒரு சட்டகத்துக்கு (அனுப்பப்படும் தரவுத் துண்டுக்கு) மூன்று முகவரிகள்தான் பயன்படுகின்றன. கீழ் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவிகளின் முகவரிக்கு அதில் இடமில்லை. நான்காவது முகவரியைச் சுமக்கும் டபிள்யூடிஎஸ் முறையை இரு முனைகளும் அறிந்திருக்க வேண்டும், நிறுவனம் கொடுத்த பெட்டியோ அதை அறியாது. ஆகவே லயத்து வீடுகளுக்கான கடிதங்களெல்லாம் தோட்டக் காரியாலயத்தின் ஒரே முகவரிக்கு வந்து அங்கிருந்து பிரிந்து போவது போல, அக்கா வீட்டுக் கைபேசிகள் அனைத்தும் கீழ் ரவுட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இப்படி இரு ரவுட்டர்களிலும் முகவரி மாற்றப்படுவதை இரட்டை நாட் என்று முகஞ்சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பிள்ளைகளின் சூம் வகுப்புக்கு அது ஒரு குறையே இல்லை.

இப்போது, இன்னும் முடியாத பகுதிக்கு வருகிறேன். மின்சாரம் போய் வந்த மறுநாள் அக்கா அழைத்து, "தம்பி, பெட்டியில லைட்டெல்லாம் எரியுது, ஆனா நம்ம வைஃபை பேரையே காணோம்" என்றார். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றையே மேல் வீட்டோடு இணையவும் கீழ் வீட்டுக்கு வைஃபை கொடுக்கவும் பயன்படுத்தியிருக்கிறேன். அப்படியானால் இரண்டும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும். மேல் இணைப்புக் கிடைக்காதவரை கீழ் வைஃபையும் எழும்பாது. 4ஜி ரவுட்டர் நிதானமாகத்தான் விழித்தெழுகிறது, அதற்குச் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் இருந்தது. சேனலை 6 என்று நிலைப்படுத்தியதில் பாதிச் சிக்கல் குறைந்தது. கீழ் வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் மீதியும் தீரும், ஆனால் அக்காவின் பழைய கைபேசிக்கு 5 தெரியாது.

மினி யூபிஎஸ் போட்டால் மின்வெட்டே தெரியாது என்பது சரிதான். ஆர்ச்சர் சி7 இன் அடியில் 12 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. ஹட்டன் கடைகளில் எனக்குக் காட்டியவை 12 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் தருபவை. 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தில் வாங்கி விற்காமல் தேங்கியவை போலிருக்கிறது, பெட்டிகளே நிறம் மங்கிக் கிடந்தன. 3 ஆம்பியர் தரக்கூடிய ஒன்றைப் புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ தேடச் சொல்லி, தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் பையன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வெளியில் இழுக்கும் வலைக்கம்பி ஒரு சுருள் கிடைத்தால் அதுவும் வரட்டும், வைஃபைப் பாலத்தையே கைவிட்டுவிடலாம்.

அதுவரைக்கும் ட்ராவல்மேட் என்ற ஓப்பன்வர்ட் துணை மென்பொருளை நிறுவியிருக்கிறேன். மேல் இணைப்பை எப்போதும் அணைத்தே வைத்து, அது கண்ணில் படும்போது மட்டும் இணைப்பதால் கீழ் வைஃபை முதலிலேயே எழுந்துவிடும் என்பது அதன் கணக்கு. அதற்கும் லூசியில் தனிப் பக்கம் இருக்கிறது. இரு பெட்டிகளையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போட்டுப் பார்த்தபோது கீழ் வைஃபை முதலில் எழுந்தது, மேல் இணைப்பு சற்றுப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது. மாலையில் எல்லோரும் கூடும்போது காணொளி தடுமாறுவதற்கு நெரிசலைச் சீராக்கும் எஸ்கியூஎம் ஏற்பாட்டைப் போடும் எண்ணமும் உண்டு; 4ஜியின் வேகம் மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்கும் இடத்தில் அதற்கு எந்த வேக வரம்பைக் கொடுப்பது என்பதைத்தான் இப்போது வேளைக்கு வேளை வேகம் அளந்து குறித்துக்கொண்டிருக்கிறேன்.