இசபெல்லா தோட்டம்: கூட்டம் கலைந்த பிறகு, ஜூனில் போங்கள்

லண்டன் ரிச்மண்ட் பார்க்குக்குள் இருக்கும் இசபெல்லா தோட்டத்துக்கு ஏப்ரல் கடைசியில் போகாவிட்டால் போகவே வேண்டாம் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். ஜூன் முதல் வாரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு நேற்றுதான் வந்தேன். செலவு, வழி, நேரம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அங்கே பார்த்த மரங்களைப் பற்றிச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஏப்ரல், மே கூட்டமெல்லாம் அசேலியா என்ற பூப்புதருக்கு. எர்னஸ்ட் வில்சன் என்ற தாவர வேட்டைக்காரர் 1918இல் ஜப்பானின் குருமே ஊரில் பார்த்துத் தேர்ந்தெடுத்த 50 வகைகளின் தொகுப்பு இங்கே இருக்கிறது. ஓடையின் இரு கரையிலும் ரோஸும் ஊதாவும் வெள்ளையும் கொட்டிக் கிடக்குமாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா அந்த சமயத்தில் எடுத்த படங்களில் பூவைவிட மனிதத் தலைகள்தான் அதிகம். நாங்கள் போனபோது அசேலியா அநேகமாக முடிந்திருந்தது. ஓடைக்கரை எங்களுக்கே எங்களுக்கு. பூக்கள் கரையை விட்டுத் தலைக்கு மேலே போயிருந்தன.

ஸ்டைராக்ஸ் மரத்தைத் தள்ளி நின்று பார்த்தால் பாதி அழகு தெரியாது. இலைகள் மேல்பக்கம் விரிந்திருக்க, பூக்கள் எல்லாம் கிளைக்கு அடியில் தொங்குகின்றன. கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒவ்வொரு கிளையிலும் வரிசை வரிசையாக வெள்ளை மணிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் மகரந்தத் தாள்கள். தேனீக்களின் ரீங்காரம் மரம் முழுக்க. அம்மா கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தாள்.

அடுத்தது கௌசா டாக்வுட். அடுக்கடுக்காக நீண்ட கிளைகளின் மேல் நான்கு இதழ் வெள்ளைப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் அவை இதழ்களே இல்லை. நடுவில் பச்சைப் பொத்தான் மாதிரி இருப்பதுதான் பூங்கொத்து. சுற்றியிருக்கும் நான்கும் நிறம் மாறிய இலைகள். நம் வீட்டு காம்பவுண்டில் ஏறும் காகிதப்பூவிலும் இதே ஏற்பாடுதான். இலை என்பதால் சட்டென்று வாடாமல் வாரக்கணக்கில் நிற்கிறது. இதன் சீன வகையை 1907இல் மேற்கு நாடுகளுக்குக் கொண்டுவந்தவரும் அதே வில்சன்தான்.

கால்மியா ஒரு புதர். அதைத் தயவுசெய்து குனிந்து பாருங்கள். சின்னக் கிண்ணம் போன்ற பூ, உள்ளே பத்துக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மகரந்தத் தாள் வளைந்து தலையைச் செருகிக்கொண்டு நிற்கிறது. தேனீ வந்து உட்கார்ந்ததும் படக்கென்று விடுபட்டு அதன் முதுகில் மகரந்தத்தை வீசுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு தேனீக்கு அது நடந்தது. கூவியே விட்டேன்.

ரோடோடென்ட்ரானைப் பார்த்ததும் குன்னூரில் பிறந்து வளர்ந்த அம்மா, "இது நம்ம காட்டுப்பூவரசு இல்ல?" என்றாள். அதே இனம்தான். நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்கிறதே, அதன் உறவுக்காரர்கள். தேயிலைக்குப் பிடித்த அமில மண்தான் இவற்றுக்கும் வேண்டும். மேலே நிற்கும் ஓக், பீச் மரங்கள் 1831இல் சிட்மவுத் பிரபு வேலி போட்டு, வெட்டுமரத்துக்காக நட்ட காட்டின் மிச்சம். வெயிலையும் பிந்திய பனியையும் அவை தாங்கிக்கொள்வதால்தான் கீழே இத்தனை பூ. 1950களில் இதைத் தோட்டமாக்கியவர்கள் பெரிய மரங்களை விட்டுவைத்து, காட்டையே மூடிக்கிடந்த பான்டிகம் என்ற ஒரு ரோடோடென்ட்ரான் வகையை மட்டும் அகற்றினார்கள். அந்த முடிவுக்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

1953இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றுவரை அனுமதி இலவசம். லண்டனில் இப்படி ஓர் இடம் இலவசம் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நாங்கள் காசை விட்டது டாக்ஸியில். அம்மாவின் முழங்காலை நினைத்து கிங்ஸ்டன் ஸ்டேஷனில் ஏறினோம். ஏறும்போது பேசியது 10 பவுண்டு, இறங்கும்போது கேட்டது 18. "பார்க்குக்குள் வந்தால் அப்படித்தான்" என்றார் டிரைவர். பேசியது பேசியதுதான் என்று நான் எவ்வளவோ சொல்லியும் மசியவில்லை. "விடுடி, நல்ல நாளும் அதுவுமா சண்டை வேண்டாம்" என்று அம்மா பர்ஸைத் திறந்துவிட்டாள். அநியாயம். எட்டு பவுண்டு என்பது நமக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல்.

திரும்பும்போது பார்க்கின் லேடர்ஸ்டைல் கேட் வரை மெதுவாக நடந்து 85 பஸ் பிடித்தோம். ஆளுக்கு 1.75 பவுண்டு. கிங்ஸ்டனில் 131 மாறி லண்டனின் டூட்டிங் பகுதிக்கு வந்தோம். முதல் பஸ்ஸில் கார்டைத் தட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறிவிட்டால் அதற்குக் காசே கிடையாது. நீங்கள் போகும்போதும் இதே வழியில் போய்விடுங்கள்.

டூட்டிங்கில் ஓர் இலங்கைத் தமிழர் கடை. எனக்கு ஆட்டிறைச்சிக் கொத்து ரொட்டி, அம்மாவுக்கு இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். கல்லில் தகரம் தட்டும் சத்தம் கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிட்டது. கொத்து கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது, ஓரமெல்லாம் முறுகி, மிளகுக் காரத்தோடு. சொதியில் தேங்காய்ப்பாலைத் தண்ணீர் காட்டாமல் ஊற்றியிருந்தார்கள். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். பில் டாக்ஸிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

அக்கா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதம்தான் மதியச் சாப்பாடு. தோட்டத்துக்குள் ஓட்டல் கிடையாது, கழிப்பறை உண்டு. புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால் பேண்ட் போடுங்கள். ஜூனில் மான்கள் குட்டி போடும் காலம். பூங்காவில் பெரணிப் புதருக்குள் குட்டி தனியாகப் படுத்திருந்தால் கிட்டே போகவேண்டாம், தாய் பக்கத்தில்தான் இருக்கும். மதியம் போவதைவிடக் காலையில் போங்கள், குறைந்தது அரை நாள் ஒதுக்குங்கள்.

அடுத்து நாங்கள் போக நினைப்பது விண்ட்சர் பக்கம் இருக்கும் வேலி கார்டன்ஸ் (Valley Gardens). அங்கே காரை நிறுத்தத்தான் காசு, நடந்து போனால் இலவசம். ஸ்டேஷனிலிருந்து பஸ் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டாக்ஸி மட்டும் வேண்டாம்.