கறிவேப்பிலைக் கொழுந்து பச்சையாக வந்துவிட்டது

இன்று காலை செடி வளர்க்கும் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்ததும் கண்ணில் பட்டது நடுச்செடியின் நுனிதான். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கொழுந்து. இரண்டு பக்கமும் சிற்றிலைகள், எல்லாம் ஒரே பச்சை, நரம்பு தனியாகத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் தொட்டியைத் தூக்கி வைத்து மறுபடியும் பார்த்தேன். பச்சைதான்.

மூன்று செடிகளோடு நான்கு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பழைய இலை கரும்பச்சையாகவே இருக்கும். புதிதாக வருவது மட்டும் எலுமிச்சம்பழ நிறத்தில் வரும், அதில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் நிற்கும். இரும்புச் சத்துக் குறை என்று செடி வளர்க்கிறவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் ஊற்றிய உரத்தில் இரும்பு இருந்தது, தண்ணீரின் அமில, காரத்தன்மையைச் சொல்லும் பிஹெச் 6.0 என்று அதை அளக்கும் பேனாவும் காட்டியது. இரண்டும் சரியாக இருக்கும்போது செடி ஏன் வெளுக்கிறது? நான்கு மாதமும் இந்தக் கேள்வியிலேயே போனது.

வீட்டுக்குள் ஏன் வளர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு எதிரே இன்னொரு புளோக் நிற்கிறது. நடைபாதையில் வெயில் எட்டிப் பார்ப்பதே ஒரு மணி நேரம்தான். அங்கே தொட்டி வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், எங்கள் நடைபாதையில் அதற்கு இடம் போதாது. அதனால் ஸ்டோர் ரூமில் ஒரு கூடாரம், 100 வாட் எல்இடி பலகை, சின்ன மின்விசிறி, தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகளும் கலந்த தொட்டிகள். விளக்கு ஒரு நாளைக்கு 13 மணி நேரம். மின்கட்டணத்தில் மாதம் 12 வெள்ளி (டாலர்) போல் கூடுகிறது. தேக்கா சந்தையில் ஒரு கொத்து வாங்குவது மலிவுதான், ஆனால் தாளிக்கிற நேரத்தில் கை நீட்டிப் பறிக்கிற சுகம் வேறு.

முதலில் நான் போன தவறான வழியைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைப் பார்த்ததும் மெக்னீசியம் என்று நினைத்து எப்சம் உப்பு போட்டேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், அதனால்தான் இன்னும் வருத்தம். மெக்னீசியம் செடிக்குள் நகரும் சத்து. பற்றாக்குறை வந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. புது இலைக்கு வேரிலிருந்து வந்தால்தான் உண்டு, எனவே நுனிதான் வெளுக்கும். என் செடியில் நுனி வெளுத்திருந்தது. பதற்றத்தில் கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, இரண்டு வாரம் எப்சம், அப்புறம் உரத்தை ஒன்றரை மடங்கு. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இசி 2.9க்கு ஏறி, நடுச்செடியின் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

ஊரிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில், “புளிச்ச மோரை ஊத்திப் பாருப்பா, நம்ம கொல்லையில அதைத்தான ஊத்துவோம்” என்றார். அம்மா சொன்னதில் காரணம் இருக்கிறது. மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம் வேர்ப்பக்கத்துக் காரத்தன்மையைக் கொஞ்சம் குறைக்கும். கொல்லை மண்ணில், வெயிலில், காற்றோட்டத்தில் அது சரி. மூடிய கூடாரத்தில் மூன்றாம் நாளே வாடை வந்தது, கூடவே நார்த்தூளின் மேல் குட்டிக் கறுப்புக் கொசு மொய்த்தது. கடிக்கிற கொசு இல்லை, ஈர மண்ணில் முட்டை வைக்கும் பூஞ்சைக் கொசு. மஞ்சள் ஒட்டு அட்டையும், பிடிஐ கலந்த தண்ணீரும் போட்டு அதை ஒழிக்க மூன்று வாரம் ஆனது. பிடிஐ இங்கே கொசுப்புழு ஒழிப்பிலும் பயன்படுத்தும் பாக்டீரியாதான், சமையலுக்குப் பறிக்கும் செடி என்பதால் வேறு மருந்து எதையும் நான் கிட்டே சேர்க்கவில்லை.

இதற்கிடையில் இணையத்தில் கிடைத்த இலை நோய்ப் படங்களை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். கூடாரத்துக்குள் விளக்கு வைத்து வளர்ப்பது பற்றி மிக விரிவாக எழுதியிருப்பவர்கள் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்கள். அது சட்டப்படி அனுமதி உள்ள நாடுகளின் கதை. இங்கே 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் அது கடுமையான குற்றம். சத்துக் குறையின் இலக்கணம் எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள்: உரத்தைத் தொடுவதற்கு முன்னால் பிஹெச்சைப் பார். நான்தான் பார்த்துவிட்டேனே என்று ஒவ்வொரு தடவையும் கடந்து போனேன்.

முடிச்சு அவிழ்ந்தது மீன் வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு வந்தபோது. பேனாவைக் குழாய்த் தண்ணீரில் வைத்துக் காட்டினேன், 6.9. அவர், “அண்ணே, நம்ம குழாய்த் தண்ணி எட்டை ஒட்டி இருக்கும். ஏழுக்குக் கீழ எப்படி வரும்?” என்றார். மறுநாள் தன் மீன்தொட்டிச் சொட்டு மருந்தைக் கொண்டுவந்தார். அது புரோமோதைமால் நீலம்: மஞ்சள் வந்தால் 6, பச்சை வந்தால் 7, நீலம் வந்தால் 7.6. பேனா 6.0 என்று சொன்ன என் உரத் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டுக் குலுக்கினோம். மஞ்சளாக வந்திருக்க வேண்டியது, பச்சையையும் தாண்டி மயில் கழுத்து நிறத்தில் நின்றது. அந்தக் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

பிஹெச் ஓர் எண் (6இலிருந்து 7க்கு) ஏறினால் ஃபெர்ரிக் இரும்பின் கரைதிறன் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறையும். என் உரத்தில் இருந்தது இடிடிஏ என்ற சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு, பிஹெச் 6.5ஐத் தாண்டினால் அந்தச் சேர்மம் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் நான்கு மாதமாக 7.2இல் ஊற்றியிருக்கிறேன். தொட்டியில் இரும்பு இருந்தது, வேரால் எடுக்க முடியவில்லை.

இனி பேனாவைப் பற்றி. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பேனாவைச் சரிபார்க்க, பிஹெச் இவ்வளவுதான் என்று உறுதியாகத் தெரிந்த தாங்கல் கரைசலுக்கான பொடி இரண்டு வாங்கினேன், 4.01, 6.86. ஒவ்வொன்றையும் 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. 6.86 கரைசலில் என் பேனா காட்டியது 5.68. 4.01இல் 3.05. அதாவது எல்லா அளவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கீழே இறங்கியிருந்தது. காரணம் மூடியைத் திறந்ததும் தெரிந்தது. பேனாவின் அளக்கும் முனையான கண்ணாடிக் குமிழ் காய்ந்து, அதைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருந்தது. அளந்து முடித்து, கழுவி, துடைத்து, உலர்த்தி வைப்பதுதான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். அந்தக் குமிழ் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதுவும் காய்ச்சி வடித்த நீரில் வைக்கக் கூடாது, குமிழிலும் உள்ளேயும் இருக்கும் உப்பு வெளியே போய்விடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்த பஞ்சை மூடிக்குள் வைத்து மூட வேண்டும். பேனாவோடு வந்த தாளில் இது ஒரு வார்த்தைகூட இல்லை. விற்றவரிடம் எழுதிக் கேட்டதற்குப் பதிலும் வரவில்லை.

ஓர் இரவு முழுக்க அந்தக் கரைசலில் ஊறவைத்தேன். காலையில் 6.86க்கு 6.31. சரி, தேறுகிறது என்று நினைத்து அளவைச் சரிசெய்தேன். இரண்டு நாளில் மறுபடியும் 0.3 இறங்கிவிட்டது. ஒருமுறை செத்த குமிழை நம்பக் கூடாது. குமிழ் முனையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய பேனா ஒன்று வாங்கினேன், 58 வெள்ளி.

இப்போது ஞாயிறு காலை வழக்கம் இது. முதலில் காய்ச்சி வடித்த நீரில் அலசல். தாளால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி எண் அலையும். 6.86இல் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பது. என் பேனாவுக்கு ஒரு நிமிடம் ஆகிறது, பத்து நொடியில் பார்த்தால் 0.2 வித்தியாசம். அப்புறம் அலசி 4.01. பயன்படுத்திய கரைசலைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றுவதில்லை. சின்ன எவர்சில்வர் டம்ளரில் குமிழ் மூழ்கும் அளவுக்கு ஊற்றிக்கொண்டால் ஒரு புட்டி பல மாதம் வரும். தேதியும் எண்ணும் கூடாரத்துக் கதவில் தொங்கும் நோட்டில் எழுதிவிடுகிறேன்.

பேனா சரியானதும் மற்றது வேகமாக நடந்தது. 5.8க்குக் கொண்டுவந்த லேசான உரத் தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு ஊற்றி வடித்தேன். பிறகு வாரம் ஒருமுறை, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, மேலே 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் விட்டு, அடியில் வடிவதை அளந்தேன்: 7.4, 6.9, 6.3. இசி 1.3க்கு வந்தது. இரும்பை இடிடிஹெச்ஏ என்ற வேறொரு சேர்மம் பிடித்திருக்கும் வகைக்கு மாற்றினேன், அது பிஹெச் 7ஐத் தாண்டினாலும் இரும்பை விடாது. 10 லிட்டருக்கு மூன்றில் ஒரு கிராம், நகை நிறுக்கும் சின்னத் தராசில். தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த நிறமாகிவிடும், பயப்பட வேண்டாம். அமிலத்துக்கு முதலில் சிட்ரிக் அமிலம் போட்டுப் பார்த்தேன், மறுநாளே பிஹெச் மேலே ஏறிவிடுகிறது, நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுகின்றன. நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலையாக நிற்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்கான் வடிநீரையும் அளந்து பார்த்தேன். இசி கிட்டத்தட்ட பூஜ்யம், காரத்தன்மையே இல்லை, 5 லிட்டருக்கு ஒரு சொட்டு அமிலம்கூடத் தேவைப்படவில்லை. உரத்தில் கால்சியம் சேர்த்துக்கொண்டால் குழாய்த் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வாளியை மூடி வைத்து அன்றன்றைக்கே காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொசு. அடுத்த மாதம் ஒரு செடிக்கு மட்டும் இதையே ஊற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

விதையும் வரப்போகிறது. மேல்மாடி மக்சிக் (மலாய் அம்மா) கீழே சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலை வைத்திருக்கிறார், கறுப்பாகப் பழுத்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த விதை காய்ந்தால் முளைக்காது, சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊன்ற வேண்டும். அதனால் தட்டும் நார்த்தூளும் தயாராக வைத்திருக்கிறேன்.

இடதுபக்கச் செடி மட்டும் இன்னும் மஞ்சள். அதன் வடிநீர் நேற்று 6.8. வெளுத்த பழைய இலை முழுசாகத் திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, புதுக் கொழுந்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நுனியில் மொட்டு மாதிரி ஒன்று தெரிகிறது, இன்னும் விரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேனாவைச் சரிபார்த்துவிட்டு அந்தத் தொட்டியில் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றி வடிக்க வேண்டும்.