வெள்ளிக்கிழமைப் பந்தி: புளியந்தோப்பு நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

கொளத்தூரை விட்டுப் புளியந்தோப்புக்குக் குடிவந்து 15 மாதம் ஆகிறது. ஏன் வந்தீர்கள் என்று இன்றும் ஆராதனை முடிந்து ஒருவர் கேட்டார். பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் சபையில் பாதிப் பேர் ஞாயிறு மட்டும் வருகிறவர்கள். மாதவரம், அம்பத்தூர், ஆவடி என்று தள்ளிப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வேலை நிலைத்ததும் வடசென்னையை விட்டுப் போவதைத்தான் ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்கிறோம். அப்படியானால் இங்கேயே இருக்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது? சிறைப்பட்டுப் போன ஊரின் சமாதானத்தைத் தேடு என்று எரேமியா எழுதினது எனக்குப் பல வருஷம் தொண்டையில் நின்றது. தேடுவதற்கு முதலில் அந்த ஊரில் இருக்க வேண்டுமே.

நான்கு வீட்டார் பேசி, ஒரே தெருவில் வாடகைக்கு வந்தோம். கீழ்த்தளத்தில் நாங்கள்: நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அத்தை (வீட்டுக்காரரின் அம்மா). அதே கட்டடத்தின் மாடியில் ஒரு அக்காவும் மகனும். அக்கா ஒப்பந்தத்தில் தூய்மைப் பணிக்குப் போகிறார், பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிதான். எதிர்சாரியில் லோகோ வொர்க்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன், அண்ணி. முனையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா. அவர் வீட்டு முன்னறையில் வேலைக்குப் போகும் இரண்டு தம்பிகள். தினமும் காலை ஐந்தரைக்கு ஜெபம். வெள்ளிக்கிழமை இரவு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி, முறை வைத்துச் சமையல். மற்றபடி அவரவர் வீடு அவரவர் சாவி.

2024 செப்டம்பர் 20, வெள்ளி

பந்திச் செலவுக்கு ஒரு பழைய பிஸ்கட் டின். முடிந்ததைப் போடுவது, யார் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இந்த மாதம் மிஞ்சிய பணத்தில் ஒரு அண்டா வாங்கினோம். கடைக்காரர் வழக்கம்போல "பேரு என்ன வெட்டணும்?" என்று கேட்டார். நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எந்த வீட்டுப் பெயரை வெட்டுவது? அப்புறம் வந்து வெட்டிக்கொள்கிறோம் என்று வெறும் அண்டாவாகத் தூக்கி வந்துவிட்டோம்.

2024 செப்டம்பர் 27, வெள்ளி

அக்டோபர் முறை எழுதப் பழைய நோட்டை எடுத்தேன். யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் டிக் போடுவோம், அரிசி அளவுக்காக. பக்கங்களைத் திருப்பிக்கொண்டு வந்தபோது அத்தையின் வரிசையில் கண் நின்றது. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு காலி இடம். மாடி வீட்டு அக்காவின் முறை இதுவரை 14 தடவை வந்திருக்கிறது. ஒரு தடவைகூட அத்தை சாப்பிடவில்லை.

எனக்கு இது தெரியாது என்று எழுத முடியாது. முதல் மாதமே தெரியும். "எனக்கு இன்னைக்கு உபவாசம்ளா", "வயிறு மந்தமா இருக்கு", "மத்தியானச் சோறே இன்னும் நிக்கி". ஒவ்வொன்றையும் நம்புகிற மாதிரி இருந்துகொண்டேன். அத்தையுடையது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். திருவிருந்து ஆராதனையில் எல்லோரோடும் ஒரே பாத்திரத்திலிருந்து திராட்சரசம் குடிப்பார்கள். ஆனால் எந்த வீட்டுச் சோறு, எந்த வீட்டுத் தண்ணீர் என்கிற கணக்கு மட்டும் ஞானஸ்நானத் தண்ணீரில் நனையாமல் அப்படியே இருக்கிறது. என் பிறந்த வீட்டிலும் இதே கணக்குத்தான்.

2024 அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பெரியவர்கள் ஆறு பேர் திருப்பத்தூர் போய்வந்தோம், கிறிஸ்துகுல ஆசிரமம் பார்க்க. 1921-ல் இரண்டு பேர் சேர்ந்து தொடங்கியது. ஜேசுதாசன் தமிழர், பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர்; இருவரும் டாக்டர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். ஊர் மக்களுக்குப் பெரியண்ணன், சின்னண்ணன். ஆளும் இனத்துக்காரரும் ஆளப்படும் இனத்துக்காரரும் ஒரே கூரைக்குக் கீழ் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்தார்கள். கோயில் கட்டடக்கலையில் எழுப்பிய அந்த ஜெபாலயத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது வாத்தியார் ஐயா ஒன்று சொன்னார். அதே 1921-ல்தான் நம் புளியந்தோப்பு எரிந்தது. பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்று ஆனது. குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றைக் கட்டிய அதே மில், அதே ஆட்கள். மெஷின் முன்னால் தோளோடு தோள் நின்றவர்கள்தான்.

மாடி வீட்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். "எங்க ஆயா சொல்லும் அந்தக் கதைய" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

2024 அக்டோபர் 4, வெள்ளி

அக்கா முறை. வாழைக்காய் வறுவல், பருப்பு, ரசம். அத்தைக்கு உபவாசம். நோட்டில் 15-வது காலி இடம். பரிமாறும்போது அக்கா ஒருமுறை வாசலைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

2024 அக்டோபர் 11, வெள்ளி

வீட்டுக்காரரிடம் பேசினேன். "அம்மாவுக்கு 74 வயசு. இனிமே என்னத்த மாத்த? வீட்ல சமாதானம் கெட வேண்டாம்" என்றார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன்.

2024 அக்டோபர் 15, செவ்வாய்

பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தது நல்லதாய்ப் போயிற்று. விடியற்காலையிலிருந்து விடாத மழை. ஓட்டேரி நல்லா கால்வாயில் போக வேண்டிய தண்ணீர் தெருவில் நின்றது. பத்து மணிக்கு வாசல்படி, பதினொன்றுக்குக் கட்டில் கால். சாக்கடையும் சேர்ந்த கறுப்புத் தண்ணீர். முன்னறைத் தம்பிகள் இரண்டு பேரும் வந்து அத்தையை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா வீடு ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அதில் நாங்கள் ஏழு பேர்.

அத்தைக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டாகிவிட்டது, சாப்பிடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா முதலில் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் நொய்க்கஞ்சி, ஓரத்தில் ஒரு சிட்டிகைத் துவையல். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார். முழுதும் குடித்தார்.

2024 அக்டோபர் 17, வியாழன்

நேற்று ரெட் அலர்ட் என்றார்கள், பெரிய மழை இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி முடிக்க இரவு ஆயிற்று. அத்தை இரண்டு நாளும் அக்கா கையால்தான் சாப்பிட்டார். கர்த்தரே இந்தக் கதவைத் திறந்தார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று காலை ஜெபத்தில் நன்றி சொன்னேன். அக்கா ஆமென் சொல்லாததைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

2024 நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள். ஊருக்கெல்லாம் விடுமுறை, அக்காவுக்கு மட்டும் இரட்டை வேலை. தெருத்தெருவாகப் பட்டாசுக் குப்பை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். விரல் இடுக்கெல்லாம் வெடிமருந்துச் சாம்பல். இன்று அவர் முறை. களைப்பாக இருந்தால் நான் சமைக்கிறேன் அக்கா என்றேன்.

"இன்னைக்கு மட்டும் இல்ல தங்கச்சி. நோட்டுல என் பேர எடுத்துரு."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, தெரிந்த பதில்தான்.

"உங்க அத்தை மழைல குடிச்சது பசிக்கு, மாத்திரைக்கு. அதுக்கு நீ எல்லார் முன்னாடியும் ஸ்தோத்திரம் சொன்ன பாரு, அதுதான் எனக்கு வலிச்சுது. ஒரு வருசமா அவங்க சாப்பிடல. அது எனக்குப் புதுசா? சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். ஆனா நீ தெரிஞ்சும் சும்மா இருந்த. என்னை ஊட்டவும் சொல்லல, அவங்கள உண்ணவும் சொல்லல. நான் சமைக்கிறது யாருக்கும் பரீட்சை இல்ல, பாஸாவுறதுக்கு."

கை கழுவக்கூட இல்லாமல் எழுந்து மேலே போய்விட்டார். இன்று பந்தி இல்லை.

2024 நவம்பர் 8, வெள்ளி

சமையல் இல்லாமல் கூடினோம். அக்காவும் வந்தார், அத்தையும் வந்தார். முதலில் நான் எழுந்து, எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். நான்கு வீடும் சமாதானமாக இருக்கிறது என்று 17 மாதமாக நான் நினைத்தது, ஒரு ஆள் விழுங்கிக்கொண்டே இருந்ததால் வந்த சமாதானம்.

வாத்தியார் ஐயா கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டதும், பவுல் அவனை எல்லோர் முன்பும் கேட்டதும். பேதுருவே சறுக்கின இடம் என்றால் அது சாப்பாட்டுப் பந்திதான் என்றார்.

அப்புறம் நம் நாட்டுக் கதை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அப்போதே அடியோடு விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். 1847-ல் மதுரை அமெரிக்கன் மிஷன், அன்பின் விருந்து என்று வைத்து எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னது. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள், சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்கிற அளவுக்குப் போனார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. நான் வாய்மூடி இருந்ததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த விருந்தில் சமைத்த பெண்ணை யாராவது கேட்டார்களா? மருந்தை விழுங்குகிற மாதிரி ஒருநாள் விழுங்கிவிட்டு எழுந்து போகிறவர்களுக்குப் பரிமாற அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அக்கா பேசின பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது.

அத்தை கூட்டம் முடிகிறவரை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். வாய் திறக்கவில்லை.

2024 நவம்பர் 17, ஞாயிறு

அந்தக் கஞ்சிக் கிண்ணம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மழையன்று கீழே இறங்கும்போது எப்படியோ சாமான்களோடு வந்திருக்கிறது. அத்தை அதை அலமாரியில் தனியாக வைத்திருந்தார். வேறு எதற்காகவோ ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு மனம் கசந்து கிடந்தது.

இன்று ஆராதனை முடிந்து வந்ததும் அதை எடுத்துத் துடைத்தார். ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் இரண்டு வட்டை உள்ளே வைத்தார். "வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கப்பிடாதுலா" என்று எனக்குச் சொல்கிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். 17 படி. முட்டி வலிக்காரர். நான் கூட வரவா என்றதற்குக் கையை மட்டும் ஆட்டினார்.

அரை மணி நேரம் மேலே இருந்தார். என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.

2024 நவம்பர் 22, வெள்ளி

பந்தி திரும்பத் தொடங்கியது. அண்ணி முறை. அக்கா சாப்பிட வந்தார். நோட்டில் பெயர் சேர்க்கவா என்று கேட்டேன். "பொறு" என்றார்.

2024 டிசம்பர் 6, வெள்ளி

போன சனிக்கிழமைப் புயலில் தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. செவ்வாயன்று அக்கா வந்து, இந்த வெள்ளி நான் சமைக்கிறேன், ஆனால் வாத்தியார் வீட்டில் இல்லை, என் வீட்டில் என்றார். "சாப்புடுறவங்க மேல ஏறி வரட்டும்."

இடம் போதாது. தம்பிகள் வெளியே நடையில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் கட்டில்மேல். காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் வாங்கி வந்த நெத்திலி. புது அண்டாவில் சோறு. அத்தை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். எப்போதும் கையோடு எடுத்துப் போகிற தன் டம்ளரைக் கொண்டுவந்திருக்கிறாரா என்று என் கண் தானாகப் போயிற்று. கையில் மாத்திரை டப்பா மட்டும்தான்.

குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைத்ததும், "உப்பு கொஞ்சம் தூக்கலால்லா இருக்கு" என்றார்.

அறையே ஒரு நொடி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"கருவாட்டு ருசி பழகுன வாய்ம்மா எங்களுக்கு. அடுத்த வாட்டி நீங்க வந்து போடுங்க உப்ப" என்று அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார். அத்தை போதும் என்று சொல்லவில்லை.

டிசம்பர் முறை எழுதி முடித்துவிட்டேன். 13 அண்ணி, 20 நாங்கள், 27 அக்கா. அண்டா இன்னும் பெயர் வெட்டாமல்தான் இருக்கிறது. இன்று அதைக் கழுவினது வாத்தியார் ஐயா.